மண் விதித்ததா, மனிதர் விதித்தனரா?
தெற்கு ஆங்கிலக் குடியேற்றங்களின் தோற்றமும் வளர்ச்சியும்



வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்றங்களில் பதின்மூன்று பின்னர் ஒன்றுகூடி அமெரிக்க ஐக்கிய நாடுகளாயின. அவற்றுள் தெற்கே அமைந்தவை ஐந்து: வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா. 1607 தொடங்கி 1733 வரை, ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக் காலத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. ஒவ்வொன்றின் நோக்கமும் வேறு. வர்ஜீனியா பொன்னைத் தேடியவர்களின் முயற்சி. மேரிலாந்து வழிபாட்டுரிமை நாடியவர்களின் புகலிடம். கரோலினா பிரபுக்கள் எண்மரின் வருவாய்க்கு வழி. ஜார்ஜியா ஏழைகளின் மறுவாழ்வுக்கென வகுக்கப்பட்ட அறநிலம். தொடக்கம் நால்வகை, ஆயின் முடிவு ஒன்றே. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இவை அனைத்திலும் ஆப்பிரிக்க மக்களை வாழ்நாள் அடிமைகளாக வைத்திருப்பது சட்டமாக வேரூன்றிவிட்டது.

இது ஏன் நேர்ந்தது என்னும் வினாவே இவ்வுரையின் பொருள்.

நிலமும் பொழுதும் முதற்பொருள், அவற்றின் வழிப்பட்டதே வாழ்வு என்று கொள்ளும் திணைமரபில் தோய்ந்தவர்க்கு ஒரு விடை எளிதில் தோன்றும். வெப்பமான தாழ்நிலம், அந்நிலத்துக்கேற்ற பயிர் புகையிலையும் நெல்லும், அப்பயிர்களுக்கு வேண்டிய ஆள்வலிமை பெரிது, எனவே அடிமை முறை வந்தது என்பதே அவ்விடை. அக்காலத் தோட்ட முதலாளிகளும் இவ்விடையைத்தான் சொன்னார்கள். மண் விதித்தது, மனிதர் பணிந்தனர் என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் முழு உண்மையன்று என்பதை இக்குடியேற்றங்களின் வரலாறே காட்டுகிறது.

பசியும் புகையிலையும்

ஆங்கிலேயரின் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. சர் வால்டர் ராலேயின் முயற்சியால் 1585இல் ரோனோக் தீவில் ஒரு குழு இறங்கி, அடுத்த ஆண்டே நாடு திரும்பியது. 1587இல் ஜான் வைட் என்பாரின் தலைமையில் ஆண், பெண், குழந்தைகள் என நூற்றுக்கு மேற்பட்டோர் மீண்டும் குடியேறினர். அங்கேயே வைட்டின் மகளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வர்ஜீனியா டேர் எனப் பெயரிட்டனர். உணவும் உதவியும் பெற்றுவர வைட் இங்கிலாந்து சென்றார். ஸ்பெயினுடன் மூண்ட போரால் மூன்றாண்டு திரும்ப இயலவில்லை. 1590இல் வந்து பார்த்தபோது ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. அண்டைத் தீவொன்றின் பெயரான ‘குரோட்டோவன்’ என்னும் ஒற்றைச் சொல் மரத்தூண் ஒன்றில் செதுக்கப்பட்டிருந்தது. பேத்தியை அவர் மீண்டும் காணவே இல்லை.

1606இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் வர்ஜீனியா கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். 1607 மே மாதம் மூன்று கப்பல்களில் வந்த 104 ஆண்களும் சிறுவர்களும் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஜேம்ஸ்டவுன் என்னும் கோட்டையூரை அமைத்தனர். ஆற்று நீர் உவர்ப்பு; சுற்றிலும் சதுப்பு. வந்தவர்களில் பலர் உடல் உழைப்பறியாத உயர்குடியினர். பொன் தேடுவதில் காலம் போயிற்று, பயிரிடுவாரில்லை. 1608 தொடக்கத்தில் உயிரோடிருந்தவர் 38 பேரே. அவர்களைக் காத்தது அந்நிலத்துத் தொல்குடி மக்கள் தந்த மக்காச்சோளம். ஏறத்தாழ முப்பது குடிகளைத் தன் ஆட்சிக்குட்படுத்தியிருந்த பவ்ஹாட்டன் என்னும் பெருந்தலைவனின் நாட்டில் வந்தவர்கள் விருந்தினராகவே இருந்தனர். ஆனால் விருந்தினராக நடந்துகொள்ளவில்லை. உணவை மிரட்டிப் பெறத் தொடங்கியபோது உறவு முறிந்தது.

1609ஆம் ஆண்டுக் குளிர்காலம் ‘பட்டினிக் காலம்’ என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. கோட்டைக்குள் முற்றுகையுண்டு கிடந்த நூற்றுக்கணக்கானோரில் வசந்தம் கண்டவர் அறுபதின்மர் அளவே. பிணந்தின்னும் நிலைக்கும் தள்ளப்பட்டனர் என அக்காலத்தவர் எழுதி வைத்ததைப் பலர் மிகையெனக் கருதி வந்தனர். ஜேம்ஸ்டவுன் அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 14 வயதுச் சிறுமியொருத்தியின் எலும்புகளில் வெட்டுத் தடங்கள் இருந்ததை 2013இல் ஆய்வாளர் வெளியிட்டபோது அந்த ஐயம் நீங்கியது.

இவ்வாறு சாவின் விளிம்பில் நின்ற ஊரைப் பிழைக்க வைத்தது பொன்னன்று, புகையிலை. ஜான் ராஃல்ப் என்பார் 1612 அளவில் மேற்கிந்தியத் தீவுகளின் விதையைக் கொணர்ந்து பயிரிட்டார். பவ்ஹாட்டனின் மகள் போகஹொண்டாஸை 1614இல் மணந்தவர் இவரே. அத்திருமணம் சில ஆண்டுகள் அமைதியைத் தந்தது; கணவருடன் இங்கிலாந்து சென்ற அப்பெண் 1617இல் அங்கேயே இறந்தாள். அதே ஆண்டில் வர்ஜீனியா ஏறத்தாழ 20,000 பவுண்டு எடையுள்ள புகையிலையை ஏற்றுமதி செய்தது. புகைபிடிக்கும் வழக்கத்தை இழித்து 1604இல் நூலே எழுதியவர் ஜேம்ஸ் மன்னர். அவர் பெயர் தாங்கிய ஊரே புகையிலையால் வாழ்ந்தது என்பது நோக்கத்தக்கது.

புகையிலை, கை ஓயாத பயிர். நாற்று விட வேண்டும். பறித்து நட வேண்டும். கொழுந்து கிள்ள வேண்டும். பக்கக் கிளை ஒடிக்க வேண்டும். இலைதோறும் புழு பொறுக்க வேண்டும். அறுத்து, கொட்டகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்தி, பீப்பாயில் அடைக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். புதுக் காட்டைத் திருத்தியாக வேண்டும். ஆகவே அப்பயிருக்கு இரண்டு பசிகள் இருந்தன. ஒன்று நிலப்பசி, மற்றொன்று ஆட்பசி. நிலப்பசியைத் தொல்குடி மக்கள் தீர்க்க நேர்ந்தது. 1622 மார்ச் 22ஆம் நாள் ஒபெச்சன்கனோ தலைமையில் அவர்கள் திருப்பித் தாக்கி 347 பேரைக் கொன்றதும், அதைக் காரணமாக்கி ஆங்கிலேயர் ஆண்டுக்கணக்கில் அவர்களுடைய ஊர்களையும் விளைநிலங்களையும் எரித்ததும் இப்பசியின் விளைவே. கம்பெனியின் பட்டயம் 1624இல் பறிக்கப்பட்டு வர்ஜீனியா மன்னரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது.

ஆட்பசியைத் தொடக்கத்தில் தீர்த்தவர்கள் ஆங்கிலேய ஏழைகளே. கப்பற்கூலி கொடுக்க இயலாதோர் நான்கு முதல் ஏழாண்டு வரை உழைப்பதாகக் கைச்சீட்டு எழுதிக்கொடுத்து வந்தனர். ஓர் ஆளைக் கொண்டுவருபவர்க்கு ஐம்பது ஏக்கர் நிலம் என்று 1618இல் ஏற்பட்ட விதி இவ்வரவைப் பெருக்கியது. 17ஆம் நூற்றாண்டில் புகையிலை நாட்டுக்கு வந்த வெள்ளையரில் ஏறத்தாழ முக்காற்பங்கினர் இத்தகைய ஒப்பந்தப் பணியாளரே. அவர்களில் பலர் ஒப்பந்தம் முடியுமுன்பே காய்ச்சலிலும் சீதபேதியிலும் மாண்டனர். எனினும் அவர்கள் நிலைக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. அந்த ஒன்றே அவர்களை அடிமைகளிலிருந்து வேறுபடுத்தியது.

1619: ஒரே ஆண்டு, இரு நிகழ்வுகள்

1619 சூலை 30ஆம் நாள் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் ஊர்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட 22 பேராளர்கள் ஆளுநருடன் கூடினர். ஆங்கில அமெரிக்காவின் முதல் சட்டப் பேரவை அதுவே. மக்களாட்சி வரலாற்றில் பெருமையுடன் பேசப்படும் நாள் அது.

ஒரு திங்கள் கூடக் கழியவில்லை. ஆகஸ்டு இறுதியில், அதே ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள பாயிண்ட் கம்ஃபர்ட் முனையில் ‘ஒயிட் லயன்’ என்னும் கப்பல் நங்கூரமிட்டது. அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து சென்ற போர்த்துக்கேய அடிமைக் கப்பலைக் கடலில் கொள்ளையிட்டுப் பறித்த இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அதில் இருந்தனர். உணவுப் பொருளுக்கு மாற்றாக அவர்கள் விற்கப்பட்டனர். இச்செய்தியை எழுதி வைத்தவர் புகையிலை பயிரிட்ட அதே ராஃல்ப்தான். சில நாள்களில் வந்த மற்றொரு கப்பலில் இருந்த ஒரு பெண்ணின் பெயர் 1625ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ‘ஆஞ்சலோ’ எனப் பதிவாகியுள்ளது. ஊர், குலம், பெற்றோர் என வேறெதுவும் அதில் இல்லை.

ஒரே ஆண்டில், ஒரே ஆற்றங்கரையில், தன்னாட்சியும் அடிமைத்தனமும் காலூன்றின. ஆனால் வந்திறங்கிய அன்றே இவ்வாப்பிரிக்கரின் நிலை முடிவாகிவிடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அவர்களைப் பற்றி வர்ஜீனியாவில் அப்போது சட்டமே இல்லை. ஆன்டனி ஜான்சன் என்னும் ஆப்பிரிக்கர் 1621இல் கொண்டுவரப்பட்டார். பிற்காலத்தில் விடுதலை பெற்று, மணம் புரிந்து, 1651இல் 250 ஏக்கருக்கு உரியவரானார். தம்மிடம் வேலை செய்த மற்றோர் ஆப்பிரிக்கரைத் தமக்கே உரியவரென வழக்காடி 1655இல் வெல்லவும் செய்தார். அக்காலத்தின் தெளிவின்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் ஜான்சன் இறந்தபின் 1670இல் நடுவர் குழுவொன்று, அவர் கறுப்பர், ஆதலால் அயலார் என்று கூறி, வர்ஜீனியாவில் அவருக்கிருந்த நிலம் மன்னருக்கே உரியதெனத் தீர்ப்பளித்தது. 1651இல் இருந்த உரிமை 1670இல் இல்லை. மண் மாறவில்லை, பயிர் மாறவில்லை, மாறியது சட்டம்.

சட்டம் இறுகிய வகை

அம்மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1640இல் மூன்று பணியாளர் எசமானனிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்டனர். குற்றம் ஒன்று; தண்டனை இரண்டு. ஐரோப்பியர் இருவர்க்கும் கூடுதலாக நான்காண்டுப் பணி. மூன்றாமவரான ஜான் பஞ்ச் என்னும் ஆப்பிரிக்கர்க்கு வாழ்நாள் முழுதும் பணி.

1656இல் எலிசபெத் கீ என்னும் பெண் நீதிமன்றத்தில் விடுதலை கேட்டு நின்றாள். தாய் ஆப்பிரிக்கப் பெண். தந்தை பேரவை உறுப்பினராயிருந்த ஆங்கிலேயர். ஆங்கிலப் பொதுச் சட்டப்படி குழந்தை தந்தையின் நிலையைப் பெறும். மேலும் அவள் திருமுழுக்குப் பெற்ற கிறித்தவள். பணிக்காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. இம்மூன்று காரணங்களையும் முன்வைத்து அவள் வென்றாள். தனக்காக வாதாடிய வழக்குரைஞரையே மணந்தாள்.

பேரவை இதற்கு விடையிறுத்தது. 1662இல் பிள்ளை தாயின் நிலையையே பெறும் என ஒரு சட்டம். 1667இல் திருமுழுக்கு அடிமையை விடுவிக்காது என மற்றொரு சட்டம். 1669இல், தண்டிக்கும்போது அடிமை இறந்துபோனால் அது கொலைக் குற்றமாகாது என மூன்றாவது சட்டம். எலிசபெத் நடந்து வந்த வழி, அவளுக்குப் பின்வந்தோர்க்கு அடைக்கப்பட்டது. இவற்றுள் 1662ஆம் ஆண்டுச் சட்டமே கொடியது. அடிமைப் பெண்ணுக்குத் தன்னால் பிறந்த குழந்தையை எசமானன் மகனெனக் கருத வேண்டியதில்லை. கணக்கேட்டில் சொத்தென எழுதிக்கொள்ளலாம். தாய்மையையே அடிமைத்தனத்தின் வாயிலாக்கிய சட்டம் அது.

1676இல் நதானியேல் பேக்கன் என்பார் ஆளுநரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து ஜேம்ஸ்டவுனை எரித்தார். தொல்குடியினரின் நிலத்தைப் பறிக்க ஆளுநர் தடையாயிருக்கிறார் என்பதே அவருடைய முதன்மைக் குறை. அதனால் அவரை விடுதலை வீரரெனக் கொள்வதற்கில்லை. ஆயின் அவருடைய படையில் வெள்ளை ஏழையும் கறுப்பு அடிமையும் தோளோடு தோள் நின்றனர். இறுதிவரை சரணடையாது நின்ற ஓர் அணியில் ஏறத்தாழ 80 கறுப்பரும் 20 ஆங்கிலேயரும் இருந்தனர். இவ்விணைப்பு மேலோரை அச்சுறுத்தியது. அதன்பின் இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தப் பணியாளர் வரவு குறைந்தது. 1698இல் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் தனியுரிமை நீங்கியதால் அடிமைக் கப்பல்கள் பெருகின. இந்த வணிகத்தில் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்க்கு விலையாகக் கொடுக்கப்பட்ட பண்டங்களுள் இந்தியத் துணிகளும் அடங்கும். சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டவையும் அவற்றுள் உண்டு. தம் துணி எங்கே சென்று எதற்கு விலையாகிறது என்பதைத் தறியில் அமர்ந்த நெசவாளர் அறிய வழியில்லை.

1705ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இப்பிரிவினையை நிறைவு செய்தது. பணிக்காலம் முடிந்து செல்லும் வெள்ளைப் பணியாளனுக்குச் சோளமும் பணமும் ஒரு துப்பாக்கியும் கொடுக்க வேண்டும் என்றது. அடிமை துப்பாக்கியோ கம்போ எடுத்துச் செல்லலாகாது என்றும் அதே தொகுப்புச் சொன்னது. ஏழையை ஏழையிடமிருந்து பிரிக்க இதனினும் சிறந்த வழி கண்டறியப்படவில்லை.

மேரிலாந்தும் கரோலினாவும்

மேரிலாந்தின் பட்டயம் 1632இல் இரண்டாம் பால்டிமோர் பிரபுவான செசில் கால்வர்ட்டுக்கு வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர்க்கு ஒரு புகலிடம் காண்பது அவர் எண்ணம். 1634இல் ‘ஆர்க்’, ‘டவ்’ என்னும் இரு கப்பல்களில் வந்தோர் யோக்கோமிக்கோ மக்களிடம் நிலம் வாங்கிக் குடியேறினர். அவர்களோடு வந்த மத்தியாஸ் டி சூசா என்னும் ஆப்பிரிக்க வழித்தோன்றல், பணிக்காலம் முடிந்து விடுதலை பெற்று, 1642இல் பேரவைக் கூட்டத்திலும் பங்கேற்றார். 1649இல் இயற்றப்பட்ட சமயச் சட்டம், கிறித்துவை ஏற்கும் எவரையும் அவர்தம் வழிபாட்டின் பொருட்டுத் துன்புறுத்தலாகாது என்றது. மும்மை இறைமையை மறுப்போர்க்கு மரண தண்டனை என்றும் அதே சட்டம் கூறியது. குறையுடையதாயினும் அக்காலத்துக்கு அது பெரிய அடி.

ஆனால் அம்மண்ணிலும் விளைந்தது புகையிலையே. பதினைந்தே ஆண்டுகள் கழித்து 1664இல் அதே மேரிலாந்துப் பேரவை, கறுப்பர் வாழ்நாள் முழுதும் அடிமைகளே எனச் சட்டம் செய்தது. அடிமையை மணக்கும் ஆங்கிலப் பெண்ணும் அவன் வாழும் வரை அவனுடைய எசமானனுக்குப் பணி செய்ய வேண்டும் என்றது. மனச்சான்றின் உரிமையை உணர்ந்தவர்களே உடலின் உரிமையை உணரவில்லை.

கரோலினாவில் இம்முரண் இன்னும் வெளிப்படை. 1663இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் தமக்கு அரியணை மீட்டுத்தந்த பிரபுக்கள் எண்மர்க்கு அந்நிலத்தை அளித்தார். அவர்களுடைய செயலாளராயிருந்து, 1669ஆம் ஆண்டு அடிப்படைச் சட்ட வரைவில் பங்குகொண்டவர் மெய்யியலாளர் ஜான் லாக். எழுவர் கூடினால் ஒரு திருச்சபை அமைக்கலாம் என்று சமயப் பொறையைப் பேசும் அவ்வரைவு, சுதந்திர மனிதன் ஒவ்வொருவனுக்கும் தன் கறுப்பு அடிமைமீது முழு அதிகாரம் உண்டு என்றும் விதித்தது. அடிமைத்தனம் இழிவானது என்னும் கருத்தோடு தம் அரசியல் நூலைப் பின்னாளில் தொடங்கியவரும் அவரே.

1670இல் சார்லஸ் டவுன் அமைந்தது. வந்தவர்களில் பலர் பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டம் நடத்தியவர்கள். அடிமை முறையைப் பெட்டியோடு கொண்டுவந்தவர்கள். முதலில் மான்தோலும், தொல்குடியினரைப் பிடித்து விற்கும் கொடிய வணிகமும் நடந்தன. அதன் பின்விளைவாக 1715இல் யமாசி மக்களின் போர் மூண்டு குடியேற்றத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. இதற்கிடையே 1690கள் முதல் நெல் வேரூன்றியது. அலையேற்றம் உள்ள ஆற்றோரச் சதுப்புகளில் வரப்பெடுத்து, மதகு வைத்து, உரலில் உலக்கையால் குத்தி, கூடையில் புடைத்துத் தூற்றியவர்கள் ஆப்பிரிக்க ஆண்களும் பெண்களும். அவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் நாடுகளிலிருந்து வந்தவர்கள். இடுப்பளவு சேற்றிலும் கொசுக்கடியிலும் அவர்கள் நிற்க, கோடையில் முதலாளிகள் காய்ச்சலுக்கஞ்சி நகருக்குச் சென்றனர். 1708 அளவில் தென் கரோலினாவில் கறுப்பரே பெரும்பான்மையினர். வட கரோலினா 1712இல் தனி ஆளுநரைப் பெற்றுப் பிரிந்தது. அங்கே சிறு உழவர் மிகுதி. 1740களில் எலைசா லூக்கஸ் என்னும் இளம்பெண் தந்தையின் தோட்டங்களை நிர்வகித்தபடி அவுரிப் பயிரை வெற்றிபெறச் செய்தார். நெல்லுக்கு அடுத்த ஏற்றுமதிப் பொருளாக அது வளர்ந்தது.

1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோனோ ஆற்றருகே ஏறத்தாழ இருபது அடிமைகள் கடையொன்றை உடைத்து ஆயுதம் எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தனர். தெற்கே ஸ்பெயினின் புளோரிடா. அங்கே போய்ச் சேர்ந்தால் விடுதலை என்று அந்நாட்டார் அறிவித்திருந்தனர். வழியில் பலர் சேர்ந்தனர். மாலைக்குள் குதிரைப்படை வளைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், அடிமை ஒருவருக்கு எழுதக் கற்பித்தால் 100 பவுண்டு அபராதம் என விதித்தது. இலக்கியம் பேசக் கூடிய அவை இதனைச் சற்று நின்று எண்ண வேண்டும். எழுத்து அறிந்தவன் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பறிப்பவன் நன்கு அறிந்திருந்தான்.

ஜார்ஜியா: மறுத்துப் பார்த்த நிலம்

ஐந்தனுள் இறுதியாகத் தோன்றியது ஜார்ஜியா. ஜேம்ஸ் ஒகில்தார்ப் என்னும் நாடாளுமன்ற உறுப்பினரின் நண்பர், கட்டடக்கலை பற்றி நூல் எழுதியவர், கடன்பட்டுச் சிறை புகுந்து அங்கே அம்மை கண்டு இறந்தார். அத்துயரம் ஒகில்தார்ப்பை 1729இல் சிறைகளை ஆராயும் குழுவின் தலைவராக்கியது. ஏழைகளுக்குப் புது வாழ்வு தரும் ஒரு குடியேற்றம் என்னும் எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. 1732இல் பட்டயம் கிடைத்தது. அதனை நடத்திய அறங்காவலர்கள் அங்கே நிலம் பெறலாகாது, ஊதியம் பெறலாகாது, பதவி வகிக்கலாகாது. தமக்கன்று, பிறர்க்கே என்பது அவர்களின் இலச்சினை வாசகத்தின் பொருள்.

1733 பிப்ரவரி 12ஆம் நாள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டோர் சவானா ஆற்றின் மேட்டுக்கரையில் இறங்கினர். யமக்ரா குடித்தலைவர் டோமோச்சிச்சி அவர்களை வரவேற்று நிலம் தந்தார். கிரீக் தாய்க்குப் பிறந்த மேரி மஸ்குரோவ் என்னும் பெண் மொழிபெயர்த்தார். கடனாளிகளின் நாடு என்று பிற்காலத்தில் பேசப்பட்டாலும், கடன்சிறையிலிருந்து நேரே வந்தவர் மிகச் சிலரே. வந்தோர் பெரும்பாலும் நகரத்து ஏழைத் தொழிலாளர். சவானா நகரம் சதுக்கம் சதுக்கமாக வகுக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஐம்பது ஏக்கர். தம் செலவில் வந்தோர்க்கும் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் இல்லை. பட்டுப்புழு வளர்க்க முசுக்கட்டை மரம் நட வேண்டும். ரம் சாராயத்துக்குத் தடை. 1735இல் அடிமை முறைக்கும் தடை.

இத்தடையை மிகையாகப் புகழ்தலும் தவறு. ஸ்பெயினின் எல்லையில் அடிமைகள் இருப்பது ஆபத்து என்பதும், அடிமை இருந்தால் வெள்ளை ஏழை உழைக்க மாட்டான் என்பதும் அதன் முதன்மைக் காரணங்கள். ஒகில்தார்ப் பட்டயம் பெற்ற அதே காலத்தில் அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் துணைத் தலைவராகவும் இருந்தார். அறங்காவலர் வகுத்த நிலவிதியில் மகளிர்க்குப் பங்கில்லை. நிலம் ஆண் வாரிசுக்கே செல்லும், மகன் இல்லையேல் அறக்குழுவுக்கே மீளும். பலர் குறை கூறியபின் 1739இல்தான் அது தளர்ந்தது. ஆயினும், தெற்கில் வேறெங்கும் இல்லாத ஒரு தடை அங்கே இருந்தது என்பது உண்மை.

பட்டு விளையவில்லை. ஆற்றின் அக்கரையில் தென் கரோலினாவின் செல்வம் கண்ணை உறுத்தியது. 1738 இறுதியில் சவானாவாசிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் அடிமைகளை அனுமதிக்க வேண்டும் என்று விண்ணப்பித்தனர். இந்த வெயிலில் வெள்ளையர் வயல்வேலை செய்ய இயலாது என்பது அவர்கள் வாதம். மண்ணே விதித்தது என்னும் வாதம் இதுதான்.

அதற்கு இரு விடைகள் அம்மண்ணிலிருந்தே எழுந்தன. 1739 சனவரியில் டேரியன் என்னும் ஊரில் குடியேறிய ஸ்காட்லாந்து மலைநாட்டார் பதினெண்மர் ஒரு மறுப்பு விண்ணப்பம் எழுதினர். அடிமைகள் எல்லை தாண்டி ஓடுவர், காவல் காப்பதே வேலையாகும், கடன் பெருகும் என்று நடைமுறைக் காரணங்களை அடுக்கியபின் அவர்கள் ஓர் அறக்காரணத்தையும் வைத்தனர். எந்த இனத்தையும் அதன் சந்ததியையும் என்றென்றைக்கும் அடிமையாக்குவது மனித இயல்புக்கே அடுக்காதது என்றும், இன்றோ என்றோ அதற்கான தண்டனை தங்கள் பிள்ளைகள் தலையில் விழும் என்றும் கூறினர். இரண்டாம் விடை எபனேசரில் குடியேறிய ஜெர்மன் மொழி பேசும் சால்ஸ்பர்க் ஏதிலிகளுடையது. வெள்ளையர் நெல் விளைவிக்க இயலாது என்பது நகைப்புக்குரிய கதை. தங்களில் சிலர் சென்ற அறுவடையில் தம் தேவைக்கு மேலும் நெல் கண்டுவிட்டனர் என்று அவர்கள் எழுதினர்.

வாதத்தில் அவர்கள் வென்றார்கள், நாட்டில் தோற்றார்கள். 1743இல் ஒகில்தார்ப் தாயகம் திரும்பினார். ஜார்ஜியாவில் அனாதை இல்லம் நடத்திய புகழ்பெற்ற சமயப் பரப்புரையாளர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டே, அவ்வில்லத்தைத் தாங்க அடிமைகள் வேண்டும் என்று வாதிட்டார். 1750இல் தடையை நீக்க அறங்காவலர் இசைந்தனர். 1751 சனவரி முதல் அடிமை முறை சட்டப்படி நுழைந்தது. 1752இல் அவர்கள் பட்டயத்தையே மன்னரிடம் ஒப்படைத்தனர். 1755இல் தென் கரோலினாவைப் பார்த்து அடிமைச் சட்டம் எழுதப்பட்டது. 1775 அளவில் ஜார்ஜியாவின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமைகள். முதுமையில் ஒகில்தார்ப் அடிமை ஒழிப்புப் போராளியான கிரான்வில் ஷார்ப்புடன் நட்புப் பூண்டு, அம்முறையைக் கண்டித்து எழுதினார்.

நிறைவாக

மண் விதித்ததா, மனிதர் விதித்தனரா என்னும் வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை இதுவே. மண் ஒரு வாய்ப்பைத் தந்தது. பயிர் ஒரு பசியைத் தந்தது. ஆனால் விதி எழுதியவை மனிதக் கைகளே. 1640, 1662, 1664, 1667, 1705, 1740, 1751 என அவ்வெழுத்துக்கு நாளும் உண்டு, இடமும் உண்டு. ஒவ்வொரு முறையும் வேறு வழி கண்ணெதிரே இருந்தது. ஆன்டனி ஜான்சனின் நிலம், எலிசபெத் கீயின் தீர்ப்பு, மத்தியாஸ் டி சூசா அமர்ந்த அவை, டேரியன் பதினெண்மரின் கையொப்பம் ஆகிய யாவும் அவ்வேறு வழியின் தடயங்கள். வேறு வழியில்லை என்று சொல்லப்படும்போது, அதனைச் சொல்பவர் யார், அதனால் பயன்பெறுபவர் யார் என்று கேட்பது வரலாறு கற்பிக்கும் முதற்பாடம்.

இறுதியாக ஒரு செய்தி. 1619இல் ஆப்பிரிக்கர் முதன்முதல் விற்கப்பட்ட பாயிண்ட் கம்ஃபர்ட் முனையில் பின்னாளில் மன்ரோ கோட்டை எழுந்தது. 1861 மே மாதம், உள்நாட்டுப் போர் தொடங்கிய சில வாரங்களில், ஃபிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்செண்ட், ஷெப்பர்ட் மல்லோரி என்னும் மூன்று அடிமைகள் இரவில் படகேறி அக்கோட்டையை அடைந்து அடைக்கலம் கேட்டனர். அவர்களைத் திருப்பித்தரத் தளபதி மறுத்தார். செய்தி பரவ, நூற்றுக்கணக்கிலும் பின்னர் ஆயிரக்கணக்கிலும் மக்கள் அவ்வழியே வந்தனர். 1865இல் அரசமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. கப்பலில் வந்திறங்கியவர்களின் பெயரை எழுத யாரும் முன்வராத அதே கரையில், 242 ஆண்டுகளுக்குப் பின் படகில் வந்த மூவரின் பெயரும் ஏட்டில் ஏறின.